அன்ரி பிடித்து வைத்த இடம்

அன்ரி எங்கே போனாலும் முதலில் இடம் பிடிப்பார். மற்றதெல்லாம் பிறகுதான். கல்யாண வீடோ, யாருடையவோ பிள்ளையின் நடன அரங்கேற்றமோ, ஞாயிற்றுக்கிழமைப் பூசையோ, கதவு திறந்ததும் உள்ளே நுழையும் முதல் நாலைந்து பேரில் அவர் இருப்பார். கைப்பையை ஒரு கதிரையில் வைப்பார். குளிர்ச்சட்டையைக் கழற்றி அடுத்ததில் போடுவார். கழுத்தில் சுற்றிய சால்வையை மூன்றாவதில் விரிப்பார். நாலாவதில் தான் இருந்துகொள்வார். இதெல்லாம் யாருக்கு என்று கேட்டால், "வருவினம்" என்பார். வருகிறவர் யாரென்று பலவேளைகளில் அவருக்கே தெரியாது. பிந்தி வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற யாரையாவது கண்டால் கையைத் தூக்கிக் கூப்பிட்டு இருத்துவார். அதுவரைக்கும் அந்தக் கதிரைகளுக்குப் பக்கத்தில் ஒருவரும் போக முடியாது.

எனக்கு வெட்கம் தொட்டதற்கெல்லாம் கெதியில் வரும். அவரோடு ஓரிடத்துக்குப் போவதென்றால் நான் இரண்டு வரிசை தள்ளி நிற்பேன். ஒருமுறை ரொறொன்ரோவில் மல்வேர்ன் பஸ்ஸில், தம்பி வீட்டில் நின்றுவிட்டு மூன்று தரிப்பு தள்ளி ஏறப்போகிற என் மனைவிக்காகப் பக்கத்துச் சீற்றில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு வந்தார். காலைவேளை, பஸ் நிறையச் சனம். ஒருவர் இருமிக் காட்டினார், இன்னொருவர் பெருமூச்சு விட்டார். அன்ரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாரே தவிர, பையை எடுக்கவில்லை. பின்னால் நின்ற நான் இவரை முன்பின் அறியாதவன் போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது எங்கே பழகியது என்று என் மனைவி கேட்டபோது, மடுவில் என்றார். மடு மாதா திருவிழாவுக்கு இலங்கையின் நாலு பக்கமிருந்தும் சனம் வந்து மரங்களின் கீழே நாட்கணக்கில் தங்கும். குடும்பத்துக்கு முன்னதாகப் போய் நல்ல நிழலாகப் பார்த்து, பாயை விரித்துக் காத்திருப்பது கன்னிப்பெண்ணாக இருந்த காலத்திலேயே இவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை. ஆட்கள் வந்துசேர ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். பாயை விட்டு எழும்பினால் இடம் போய்விடும். எழும்பாமல் இருக்கப் பழகியவர்.

அன்ரியும் மகளும் நாங்கள் இருந்த கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் இருந்தார்கள். நாங்கள் ஏழாம் மாடி. என் மனைவிக்கும் அன்ரிக்கும் ஒரே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. அதனால்தான் அந்தக் கார் ஓட்டப் போட்டி எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

அதை அன்ரி விரித்த பாயில் இருந்து பார்த்தவர்கள் இப்போது எங்காவது சந்தித்தால் பேச்சு எப்படியும் அந்தப் போட்டிக்கு வந்து நிற்கும். வந்ததும் சண்டைதான். வெள்ளிநிறக் கார் ஒன்று மூன்று குத்துக்கரணம் அடித்தது என்பான் என் மனைவியின் தம்பி குலம். குத்துக்கரணமும் இல்லை ஒன்றுமில்லை, சுழன்றுபோய் வைக்கோல் கட்டில் இடித்து நின்றது என்பாள் என் மனைவி. அது வெள்ளிநிறமே இல்லை, பச்சை என்பது என் கட்சி. இரண்டாம் வருடமா மூன்றாம் வருடமா என்பதிலும் ஒற்றுமை இல்லை. அன்றைக்குக் கோழி றோல்ஸ் கொண்டுபோனோம் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே ஞாபகம். போட்டி பார்க்கப் போனோமா, றோல்ஸ் தின்னப் போனோமா என்று குலம் கேட்பான்.

தொடங்கியது ஒரு படத்தால். தொழிற்சாலைச் சூப்பவைசர் ஒரு வயதான ஸ்கொட்லாந்துக்காரர். அவருடைய மேசையில் மனைவி பிள்ளைகளின் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பழைய இங்கிலாந்துக் காரின் படம் இருந்தது. அன்ரி ஒருநாள் லீவு கேட்கப் போனவர், லீவை மறந்துவிட்டு, "ஏ ஃபோர்ட்டி" என்றார். சூப்பவைசர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டாராம். அத்தனை வருடத்தில் அந்தக் காரை அடையாளம் கண்டவர் வேலைத்தலத்தில் வேறொருவர் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். அன்ரி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இது எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடுகிற ராக்சி, என் புருஷன் இதைத்தான் ஓட்டுகிறார், இன்றைக்கும் ஓட்டுகிறார் என்று விளக்கினார். உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் அந்தக் கார் இன்னும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஆள் ஏற்றி இறக்குகிறது என்பதை அந்த மனிதரால் நம்பமுடியவில்லை. அவருக்கு அது வருடத்தில் ஒருமுறை போர்வையை நீக்கி, மினுக்கி, ரெயிலரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் போட்டியில் ஓட்டுகிற கார். அடுத்த கிழமையே ஐந்து அனுமதிச் சீட்டுகளைக் கொண்டுவந்து அன்ரியிடம் கொடுத்தார்.

ரொறொன்ரோவிலிருந்து கிழக்கே ஒரு மணித்தியால ஓட்டம். தோட்டங்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவில் மேடும் பள்ளமுமாக வளைந்து போகிற ஓட்டப் பாதை. ஜூன் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அங்கே பழைய கார்கள் மட்டும் ஓடும். என்னிடம் கார் இருந்தபடியால், அன்ரி, மகள், என் மனைவி, குலம் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு நான் சாரதியானேன். அதைக் கார் என்று சொல்வதும் என் மரியாதையைக் காப்பாற்றத்தான். எழுபதுகளில் செய்த நீட்டு வண்டி. இரண்டு பக்கமும் மரப்பலகை மாதிரி ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கும், பாதி உரிந்தபடி. பின் கதவு ஒன்று திறக்காது.

முதல் வருடம் வாசலில் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவர் எங்கள் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்து, கொடியை ஆட்டி வலது பக்கம் போகச் சொன்னார். மற்றக் கார்கள் எல்லாம் இடது பக்கம் போனதை நான் கவனித்திருக்கவேண்டும். கொடி காட்டுகிறவர் காட்டுகிற பக்கம் போகிற பழக்கம் ஊரிலேயே எங்களுக்கு நன்றாக ஊறிப்போனது, கேள்வி கேட்காமல் போனேன். புல்வெளியில் கண்ணாடி போல மின்னுகிற கார்கள் வரிசையாக நின்றன. இரண்டு சிவப்புக் கார்களுக்கு நடுவில் இடம் காட்டினார்கள். நல்ல தரிப்பிடம் கிடைத்தது என்று குலம் சந்தோசப்பட்டான்.

அன்ரி இறங்கினார். பாயை எடுத்து வண்டிக்கு முன்னால் விரித்தார். நாலு மூலையிலும் நாலு செருப்பை வைத்தார். பிறகு அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாரும் பொனற்றைத் திறந்து வைச்சிருக்கினம். நீரும் திறவும்" என்றார். நானும் என்ஜின் மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் தொப்பி போட்ட கணவன் மனைவி இருவர் வந்து குனிந்து பார்த்தார்கள். கண்ணாடி கழுவும் தண்ணீருக்கு நான் தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தேன். எல்லாம் தொழிற்சாலையில் வந்தபடியேதானா, எதையும் மாற்றவில்லையா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன், எல்லாம் ஒறிஜினல் என்று அன்ரி உறுதியாகச் சொல்லி, அவர்களுக்கு ஆளுக்கொரு றோல்ஸ் கொடுத்தார். அவர்கள் படமெடுத்தார்கள். இன்னும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எங்களைத் தேடி வந்த சூப்பவைசர்தான், இது காட்சிக்கு வைக்கிற கார்களின் வரிசை என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு அந்தப் பொனற்றுக்குள்ளேயே ஒளித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அன்ரிக்குக் கவலையே இல்லை. இடம் நல்ல இடம், ஆனால் போட்டி தெரியாது என்று சொல்லிப் பாயைச் சுருட்டினார்.

அதன் பிறகுதான் மேட்டைக் கண்டுபிடித்தார். பாதை ஒரு வளைவாகத் திரும்புகிற இடத்துக்கு மேலே, ஒற்றை மேப்பிள் மரம் நிற்கிற புல்மேடு. கார்கள் பள்ளத்தில் இறங்கி, திரும்பி, ஏறிப்போவது அங்கிருந்து முழுதாகத் தெரியும். அன்றிலிருந்து வருடாவருடம் அதுதான் எங்கள் இடம். ஏழு மணிக்கே போய்ப் பாயை விரிக்கவேண்டும் என்பது அன்ரியின் சட்டம். முதல் ஓட்டம் ஒன்பதரைக்குத்தான். அவ்வளவு நேரமும் அந்த மேட்டில் நாங்களும் மைனாவை ஒத்த இரண்டு பறவைகளும்தான் இருப்போம்.

கார்கள் ஓடத் தொடங்கினால் ஒரு மணம் வரும். பழைய கார்கள் சிலவற்றுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த எண்ணெய் விடுவார்களாம், அது எரிகிற மணம். சுற்றிவர இருந்தவர்கள் அதை வாசனைத் திரவியம் போல மூச்சை இழுத்து ரசித்தார்கள். குலம் மூக்கைப் பொத்திக்கொண்டான். பேதி குடிக்கிற நாள் போல இருக்கிறது என்று அன்ரி சொல்ல, நாங்கள் ஐந்து நிமிடம் சிரித்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். அதை ஆங்கிலத்தில் சொல்ல நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பாயில் யாரும் வந்து இருக்கலாம். வெள்ளைக்காரர், சீனர், பிள்ளைகளோடு வந்தவர்கள், யாராக இருந்தாலும் அன்ரி கையைக் காட்டி இருத்துவார். மரத்தோடு இருந்த மூலையில் மட்டும் ஒருவரும் இருக்கக்கூடாது. அங்கே ஒரு சிறிய தலையணை இருக்கும். ஒருமுறை வயதான ஒருவர் தெரியாமல் அதில் இருந்துவிட்டார். அன்ரி மெதுவாக, அது என் கணவரின் இடம் என்றார். மனிதர் பதறி எழும்பி மன்னிப்புக் கேட்டு, பாயின் மற்றப் பக்கம் போய் இருந்தார். கணவர் கழிப்பறைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார் போல. ஒவ்வொரு ஓட்டம் முடியும்போதும் திரும்பிப் பார்ப்பார். மத்தியானம் தாண்டியதும் என் காதுக்குக் கிட்ட வந்து, அந்தப் பெண்மணியின் கணவர் எங்கே என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில், இலங்கையில் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஏ ஃபோர்ட்டி எப்போதும் கடைசியாகத்தான் வரும். மற்றவை எல்லாம் போய், புழுதியும் அடங்கி, இனி ஒன்றுமில்லை என்று நினைக்கும்போது பள்ளத்துக்குள் அது தனியாக இறங்கும். சூப்பவைசர் எங்களைக் கண்டு கையை அசைப்பார், அதில் இன்னும் கொஞ்சம் பிந்திப்போவார். அன்ரி எழும்பி நின்று கைதட்டுவார். கார் மறைந்ததும் இருந்துகொண்டு, "எங்கட ஆள் ஓட்டினா இதிலும் பாக்க வேகம்" என்பார். ஒவ்வொரு வருடமும் அந்தக் காரைப் படமெடுத்து, கடிதத்தோடு வைத்துக் கணவருக்கு அனுப்புவார். இங்கே உங்கட கார் ஓடுது, வந்து பாருங்கோ என்று எழுதுவார்.

அந்த மனிதரில் எனக்குக் கோபம் இருந்தது. சொல்லிவிடுகிறேன். மனைவியும் மகளும் அகதியாக வெளிக்கிட்டபோது, காரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றவர் அவர். இங்கே அன்ரியின் அகதி வழக்கு வென்று, கணவரைக் கூப்பிடப் பத்திரங்கள் நிரப்பி அனுப்பியாகிவிட்டது. அவர் செய்யவேண்டியது கொழும்புக்குப் போய் நேர்முகத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் முகம் கொடுப்பது மட்டும். யுத்தத்தால் பாதை இல்லை, வெளியே போக அனுமதிப் பாஸ் இல்லை என்று ஒரு வருடம் போனது. அதற்கு அவர் என்ன செய்வார். ஆனால் பாதை திறந்திருந்த மாதங்களிலும் அவர் போகவில்லை. கடிதம் வரும். அன்ரி அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவார். படம் கிடைத்தது, முன் பம்பர் பிழை, அது வேறொரு மொடலினுடையது, அந்த மனிதரிடம் சொல்லவும் என்று எழுதியிருப்பார். வருகிறேன் என்று ஒரு சொல் இருக்காது.

அன்ரி வாசித்துவிட்டுச் சிரிப்பார். பம்பர் விசயத்தைச் சூப்பவைசரிடம் சொல்லவும் செய்தார். அந்த ஆள் தேடிப் பார்த்துவிட்டு, உன் புருஷன் சொல்வது சரி என்று அதை மாற்றிவிட்டார். எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒரு கோடை, போட்டி முடிந்து பாயைச் சுருட்டும்போது வாயை அடக்கமுடியாமல் கேட்டுவிட்டேன், வராத ஆளுக்கு ஏன் அன்ரி வருசா வருசம் இடம் பிடிக்கிறீர்கள் என்று. என் மனைவி என்னை முறைத்தாள். அன்ரி தலையணையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார்.

"இடம் இல்லையெண்டு அவர் சொல்லக்கூடாது, தம்பி" என்றார்.

அவ்வளவுதான். திரும்பி வரும்போது அவர் சாதாரணமாகத்தான் கதைத்துக்கொண்டு வந்தார். எனக்குத்தான் றோட்டு நீண்டுகொண்டே போனது.

அவர் விரும்பியது ஒன்றே ஒன்று. புருஷன் வரவேண்டும், வந்தால் இந்த நாட்டில் தனக்கொன்றும் இல்லை என்று அந்த மனிதர் நினைக்கக்கூடாது. அதற்காகச் சூப்பவைசரிடம் ஒரு வாக்கு வாங்கி வைத்திருந்தார். தன் கணவர் வந்தால் அந்தக் காரை அவர் கையில் கொடுக்கவேண்டும், போட்டிக் கார்கள் நிற்கிற வெளியில் ஒரு சுற்றாவது அவர் ஓட்டவேண்டும். சூப்பவைசர் கைகொடுத்துச் சத்தியம் செய்தார். ஆனாலும் அன்ரி கிழமைக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துவாராம். இயந்திரச் சத்தத்துக்குள் தூரத்தில் நின்று, இரண்டு கையாலும் ஸ்ரேறிங் பிடிப்பதுபோலச் செய்து காட்டுவார், அந்த மனிதர் அங்கிருந்தபடியே தலையாட்டுவார் என்று என் மனைவி சொல்வாள்.

யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அந்த இடப்பெயர்வில்தான் அன்ரியின் கணவருடைய கார் நின்றது. பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயிலேயே வருடக்கணக்காக ஓடிக் களைத்த கார். ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் வரைக்கும் போய், அதற்கப்பால் அசையமாட்டேன் என்றுவிட்டது. அவர் கதவுகளைப் பூட்டிவிட்டு நடந்தாராம். அதன் பிறகு வந்த கடிதத்தில் கார் பற்றி ஒரு வரியும் இல்லை. கொழும்புக்குப் போகிறேன் என்று மட்டும் இருந்தது. அதை வாசித்த அன்றுதான் அன்ரி எங்கள் குசினி அடுப்பின் பக்கத்தில் இருந்து அழுதார். எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை.

பத்திரங்கள் சரிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகி, ஒரு மாசிக் குளிரில் அன்ரியின் கணவர், அங்கிள், வந்திறங்கினார். விமானம் வர நாலு மணித்தியாலம் இருக்கும்போதே, பரீட்சைக்குப் போன மகளுக்கும் காத்திராமல் அன்ரி என்னை இழுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். போனதும் வருகிறவர்கள் வெளியே வரும் கதவுக்கு நேரே இரண்டு கதிரை பிடித்தார். ஒன்றில் தான் இருந்தார். மற்றதில் புதுக் குளிர்ச்சட்டையை வைத்தார். மெலிந்த, பெரிய காதுகள் உள்ள ஒரு மனிதர் கடைசி ஆளாக வந்தார். அன்ரி ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை, கத்தவும் இல்லை. குளிர்ச்சட்டையை எடுத்துவிட்டுக் கதிரையைக் காட்டினார். அவரும் வந்து இருந்தார். அன்ரி குளிர்ச்சட்டையை அவருடைய தோளில் போர்த்தினார். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "இஞ்சயும் இடம் பிடிக்கிறாவோ?" என்று கேட்டார்.

ஜூன் வந்தது. அன்ரி அந்தக் கிழமை முழுவதும் நிலத்தில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு ஷிப்ற் வேலை செய்து, வந்து றோல்ஸ் சுற்றி, கோழி பொரித்து, பிட்டு அவித்து, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் கதவைத் தட்டினார். போகிற வழியில் அங்கிள் முன்சீற்றில் இருந்து என் கியர் மாற்றலைக் கவனித்துக்கொண்டு வந்தார். அவருடைய கார் ஊர்ச்சனத்துக்கு அவ்வளவு தேவைப்பட்டதோ என்று கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன். அவர் குத்தலைக் கண்டுகொள்ளவில்லை. அந்த வருடங்களில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தங்கள் பக்கத்தில் இருந்தது தன் வண்டி ஒன்றுதான், பின்சீற்றில் மூன்று பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, ஒன்றுக்குத் தன் பெயர் என்று சொன்னார். பெருமைப்பட்டுச் சொன்ன மாதிரியும் இல்லை. ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை. பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வண்டி இருந்தது, அன்ரிக்கு யார் இருந்தார்கள் என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டேன்.

மேட்டில் பாய் விரித்தாகிவிட்டது. மரத்தோடு இருந்த மூலையை அன்ரி கையால் தடவி, இருங்கோ என்றார். அங்கிள் செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தார். தலையணையை எடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அன்ரி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அந்தந்த வளைவில் என்னென்ன நடந்தது என்று பழைய வருடங்களின் கதையெல்லாம் சொன்னார். நாங்களும் விடாமல் வெள்ளியா பச்சையா என்று சண்டை பிடித்தோம். அங்கிள் ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணியளவில் அன்ரி, கொஞ்சம் முதுகை நிமிர்த்துகிறேன் என்று சொல்லி, அங்கிளின் பக்கத்தில் சரிந்தார்.

நித்திரையாகிவிட்டார்.

அத்தனை வருடத்தில் அந்தப் பாயில் அன்ரி கண்ணயர்ந்து நாங்கள் கண்டதில்லை. கழிப்பறைக்குப் போவதென்றாலும், என்னைப்போல ஒரு கனத்த ஆளை இருத்திவிட்டுத்தான் போவார். இப்போது வாயைக் கொஞ்சம் திறந்து, காலை நீட்டி, பாயின் பாதியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பள்ளத்துக்குள் கார்கள் இடிமுழக்கம் போலப் போய்வந்தன. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏ ஃபோர்ட்டியின் ஓட்டம் வந்தது. வழக்கம்போலக் கடைசியாக அது இறங்கியபோது நாங்கள் சத்தமில்லாமல் கைதட்டினோம். அங்கிள் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பம்பர் இப்போது சரி என்றார்.

ஓட்டம் முடிந்ததும் நான் கார்கள் நிற்கிற வெளிக்கு ஓடினேன். சூப்பவைசர் காரைக் கழுவித் துடைத்துவைத்து, கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு மணிக்குள் ரெயிலரில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிடவேண்டும், மகள் வீட்டில் அலுவல், உடனே கூட்டிவா என்றார். நான் மூச்சிரைக்க மேட்டுக்கு ஏறி வந்தேன். வெயில் மரத்தைத் தாண்டி வந்திருந்தது. அங்கிள் அன்ரியின் முகத்துக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பாயின் ஓரமாக நின்ற யாரோ இரண்டு பேரிடம், சத்தம் போடவேண்டாம் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

வாருங்கள் அங்கிள், கார் நிற்கிறது, உங்களிடம் ஓட்டத் தருகிறார் என்றேன். அவர் முகம் ஒருமுறை மலர்ந்ததை நான் கண்டேன். எழும்பக் கையை ஊன்றினார். ஊன்றிய கையின் கீழே அன்ரியின் சேலைத் தலைப்பு இருந்தது. கையை எடுத்துவிட்டார்.

குடையை நான் பிடிக்கிறேன் என்றேன். இல்லாவிட்டால் அன்ரியை எழுப்புகிறேன், அவரும் பார்க்கத்தானே காத்திருந்தவர் என்றேன்.

"எழுப்பாதையும்" என்றார். "நான் வந்து நாலு மாசம். இவ நித்திரை கொண்டு இண்டைக்குத்தான் காணுறன். நான் எழும்ப முன்னம் எழும்பிடுவா, நான் படுத்த பிறகுதான் படுப்பா. கொஞ்சம் அசைஞ்சா முழிச்சிடுவா, தம்பி. நீர் போய் அந்தாளிட்டச் சொல்லும், பெரிய உபகாரமெண்டு."

காரை நினைத்து எனக்கு அந்தரமாக இருந்தது. அடுத்த போட்டிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்றேன். "கார் தானே" என்றார் அங்கிள்.

காரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்ற மனிதர். என் கோபம் அந்த இடத்தில் முடிந்தது. நான் மேட்டிலிருந்து இறங்கினேன். சூப்பவைசரிடம் போய், அவர் வரவில்லை, மனைவி நித்திரை, எழுப்ப விருப்பமில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு மேட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காரை ரெயிலரில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன்.

அன்ரி எழும்பும்போது மூன்று மணி கடந்துவிட்டது. பதறிப்போய் எழும்பினார். முதலில் பாயைப் பார்த்தார், பிறகு எங்களை எண்ணினார், பிறகுதான் ஞாபகம் வந்தது.

"கார் ஓடினனீங்களோ?"

"ஓம், ஓடினனான்" என்றார் அங்கிள். குடையை மடக்கினார். "நல்ல கார். கிளச் மட்டும் கொஞ்சம் இறுக்கம்."

அன்ரி என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வராது, அதற்கும் வெட்கம்தான் காரணம். ஆனால் அன்றைக்கு, ஒரு சுற்றில்லை அன்ரி, இரண்டு சுற்று ஓடினவர் என்று வாய் தானாகவே சொன்னது. அன்ரியின் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தான் படுத்துத் தவறவிட்டதற்குத் தன்னையே திட்டிக்கொண்டு, மிச்சமிருந்த றோல்ஸை எல்லாம் எங்கள் கையில் திணித்தார்.

திங்கட்கிழமையை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. அன்ரி வேலைக்குப் போனதும் நேரே சூப்பவைசரிடம் போய், என் கணவருக்குக் காரைக் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லியிருக்கிறார். கிளச் இறுக்கம் என்று அவர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் தள்ளி நின்ற என் மனைவி தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டாளாம். சூப்பவைசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். உன் புருஷன் நன்றாக ஓட்டினார், கிளச் பற்றி அவர் சொன்னதும் சரி, இந்தக் கிழமை அதைத் தளர்த்திவிடுகிறேன் என்றாராம்.